எழுந்து போக முடியாதவர் முன்னால்

(வெளிநாட்டு ஊழியப் பயணம் புறப்படும் இளைஞர்களை வழியனுப்ப எருமப்பட்டியில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பண்ணையில் கோழிக்குத் தீவனம் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சபையார் மட்டுமல்ல, கோயிலுக்குப் போகிற நம் அண்டை வீட்டாரும் வந்திருக்கிறீர்கள். அதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஒரு கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைப் பற்றி அண்டை வீட்டார் இல்லாத இடத்தில் ஒன்றும், அவர்கள் முன்னால் வேறொன்றும் பேசக்கூடாது. ஆகவே உங்கள் முன்னால்தான் இதைப் பேச விரும்புகிறேன்.

கடல் கடந்து போகவிருக்கும் தம்பி தங்கைகளின் பயணத் திட்டத்தை வாங்கிப் படித்தேன். பத்து நாள் பயணம். ஏழாம் நாளுக்கு நேரே ஒரு வரி எழுதியிருக்கிறது: காலையில் சிறைச்சாலைச் சந்திப்பு, இரண்டு மணி நேரம். முன்னும் பின்னும் எத்தனையோ நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இன்று நான் பேசப்போவது அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும்தான்.

சந்தையில் நின்று பிரசங்கம் செய்தால், பிடிக்காதவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்குப் போய்ப் பேசினால், விருப்பமில்லாத வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். பஸ்ஸில் துண்டுப் பிரசுரம் கொடுத்தால், வேண்டாதவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் சிறையில்? வரிசையாக உட்காரவைத்த மனிதன் எழுந்து போக முடியாது. நீங்கள் பேசுவது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவன் எழுந்து போக முடியாது. அவன் கை தட்டினால், மனமுவந்து தட்டினானா, வார்டர் பார்க்கிறார் என்று தட்டினானா? அவன் கண்ணீர் விட்டால், உங்கள் பாட்டுக்கு அழுதானா, வீட்டு நினைவுக்கு அழுதானா? எழுந்து போக முடியாதவர் முன்னால் நின்று கடவுளைப் பற்றிப் பேசுவது எப்படி? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக ஒரு சிறைக்குள் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். தொண்டை கட்டும் அளவுக்குச் செய்தேன். முடித்து இறங்கியதும் நடுவயதுக்காரர் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "ஐயா, என் மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள். பாஸ் பண்ணினாளா என்று தெரியவில்லை. யாரும் மனு போட்டு என்னைப் பார்க்க வருவதில்லை. விசாரித்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். ஊர்ப் பெயரும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவருக்காக ஜெபிப்பதாகச் சொன்னேன். ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. வெளியே வந்து வண்டி ஏறியபோது அது எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன பேசினேன் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அவர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

நண்பர்களே, சிறைக்குள் நற்செய்தியைக் கொண்டுபோகிறோம் என்று சொல்கிறோம். கொஞ்சம் நின்று வரலாற்றைப் பார்த்தால், பல நேரம் அது சிறைப்பட்டவனிடமிருந்துதான் வெளியே வந்திருக்கிறது. வேறெங்கும் போக வேண்டாம், நம் தமிழ் மண்ணிலேயே பார்க்கலாம்.

1741ஆம் ஆண்டு குளச்சலில் ஒரு போர் நடந்தது. டச்சுக்காரர்களின் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். கடல் கடந்து வந்தவர், தோற்றவர், கைதி. அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்குப் பயிற்சி கொடுக்க அவரையே வைத்துக்கொண்டார். அரண்மனை அலுவலில் இருந்த நீலகண்ட பிள்ளை என்பவர் அவருக்கு நண்பரானார். பிள்ளைக்குக் குடும்பத்தில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம், ஆடுமாடுகள்கூடச் செத்தன. மனம் உடைந்திருந்த அந்த மனிதரிடம் டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார். ஆடும் மாடும் பிள்ளைகளும் போன பிறகும் கடவுளோடு வழக்காடியபடியே கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த யோபுவின் கதை.

யார் சொன்ன கதை அது? ஒரு போர்க் கைதி சொன்ன கதை. யாரிடம் சொன்னார்? தன்னைச் சிறைபிடித்த அரசின் அலுவலரிடம். இங்கே எழுந்து போக முடியாதவர் பேசியவர். கேட்டவரோ நினைத்தால் எழுந்து போயிருக்கலாம். அவர் எழுந்து போகவில்லை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நான்கு ஆண்டில் அவரே கைதியானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவரைக் கொண்டுபோனார்கள். நம் ஊர்ப் பெயரிலேயே எருமை இருக்கிறது. பால் கொடுத்து நம் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஜீவன் அது. நமக்கு அதில் கேவலம் எதுவும் தெரிவதில்லை. ஆனால் அரண்மனையில் கௌரவமாக இருந்த ஒருவரை ஏற்றிக் கொண்டுபோனால் அது அவமானம் என்று அன்று எண்ணினார்கள். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் தேதி ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். டி லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் லோடு ஏற்றிப் போகிறவர்கள் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கும் அப்படித்தான். 1706இல் வந்தார். 1708 முடியும் நேரத்தில் டேனியத் தளபதியே அவரைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். கைதியின் நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்த ஒருவர் செய்த வேலை அது.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்; தம்பிகள் போகிற பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

இந்தோனேசியாவில் பாலித் தீவு. 2005 ஏப்ரல் 17. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒன்பது இளைஞர்கள் ஹெராயின் கடத்தியதாகப் பிடிபட்டார்கள். எட்டு கிலோவுக்கு மேல். அந்த ஒன்பது பேரில் இருவரைத் தலைவர்கள் என்று நீதிமன்றம் முடிவுசெய்து மரண தண்டனை விதித்தது. ஒருவர் ஆண்ட்ரூ சான். இன்னொருவர் மயூரன் சுகுமாரன். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆம், நம் பெயர்தான். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்த பிள்ளை. பிடிபட்ட அன்று அவனுக்கு இருபத்து நான்காவது பிறந்தநாள்.

குற்றம் செய்யாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொருள் எத்தனை வீட்டை அழித்திருக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். குற்றத்தைச் சின்னதாக்கி மன்னிப்பைப் பெரிதாக்க முடியாது.

கெரோபோகன் சிறையில் பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரூ சான் சிறைக்குள்ளேயே வேதத்தைப் படித்தான், விசுவாசத்துக்கு வந்தான், இறையியல் பயின்றான், உள்ளேயே ஆராதனை நடத்தினான். போதைக்கு அடிமையாகி வந்த மற்றக் கைதிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொன்னான். கடைசியில் போதகராக அபிஷேகமும் பெற்றான். மயூரன் தூரிகையைக் கையில் எடுத்தான். பென் குயில்டி என்ற ஆஸ்திரேலிய ஓவியர் சிறைக்கே வந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டதை அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சிறைக்குள் ஓவிய வகுப்பு, கணினி வகுப்பு என்று தொடங்கினான். கர்டின் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் படிப்பை உள்ளிருந்தே படித்தான்.

இந்த மாற்றம் எப்படி வந்தது? ஏழாம் நாள் காலை இரண்டு மணி நேரத்தில் வந்ததா? வெளிநாட்டிலிருந்து போதகர்கள் போனார்கள், உண்மை. ஆனால் திரும்பத் திரும்பப் போனார்கள். ஓவியர் போனார், திரும்பத் திரும்பப் போனார். குடும்பம் போனது. உள்ளூர் இந்தோனேசியக் கிறிஸ்தவர்கள் போனார்கள். அப்படிச் சிறைக்கு ஊழியம் செய்யப் போய் வந்த இந்தோனேசியப் பெண் போதகர் ஒருவர்தான் பிற்பாடு ஆண்ட்ரூவை மணந்தார். எப்போது தெரியுமா? சுட்டுக் கொல்லப்படுவதற்கு முந்தின தினங்களில், தண்டனைக்காகக் கொண்டுபோன நூசாகம்பங்கான் தீவுச் சிறைக்குள்.

2015 ஏப்ரல் 29ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி, நூசாகம்பங்கான் தீவில் இவர்கள் இருவரையும் சேர்த்து எட்டுப் பேரைக் கம்பங்களில் கட்டி நிறுத்தினார்கள். நைஜீரியர்கள் இருந்தார்கள், பிரேசில்காரர் ஒருவர் இருந்தார், இந்தோனேசியர் ஒருவர் இருந்தார். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாடினார்கள். 'அமேசிங் கிரேஸ்' பாடினார்கள். அந்தப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் யார்? அடிமைகளைக் கப்பலில் ஏற்றி விற்ற கப்பல் தலைவன். பிற்காலத்தில் மனம் மாறிப் போதகரானவர். சங்கிலி போட்டவன் எழுதிய பாட்டைச் சங்கிலியில் இருந்தவர்கள் பாடினார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கிகள் வெடித்தன.

அந்தச் செய்தி வந்த காலையில் நான் டீக்கடையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். மயூரனின் படத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், "யாருங்க, நம்ம பையனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்கள் பயணப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நாட்டுச் சிறைக்குப் போனாலும், எந்த நிறத்துக் கைதி முன்னால் உட்கார்ந்திருந்தாலும், நம்ம பையனா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

உடனே ஒருவர் கேட்பார்: மனம் மாறினான், பாடிக்கொண்டே செத்தான், கேட்க நன்றாக இருக்கிறது, மாறாதவன் கதி என்ன? மாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி தவறுகிறவன் கதி என்ன? நேர்மையான கேள்வி. அதற்கும் நம் நாட்டிலேயே விடை இருக்கிறது.

அயர்லாந்திலிருந்து வந்து திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் வாழ்ந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் இங்கேயே இறந்தார். இடையில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. அந்தப் பக்கத்தில் ஜம்புலிங்கம் என்ற கொள்ளைக்காரரைப் பற்றிய கதைகள் இன்றும் உண்டு. தலைமறைவாக இருந்த அவரை அம்மையார் சந்தித்தார். துப்பாக்கியை எடுக்காதே என்று சொல்லி வாக்கு வாங்கினார். அவர் பிடிபட்டபின் போய்ப் பார்த்தார். காவலில் இருக்கும்போதே ஜம்புலிங்கம் ஞானஸ்நானம் பெற்றார்.

இங்கே கதை முடிந்திருந்தால் நம் சபைப் பத்திரிகைகளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆனால் அவர் சிறையிலிருந்து தப்பி ஓடிவிட்டார். 1923இல் கொல்லப்பட்டார். அம்மையார் என்ன செய்தார்? எங்கள் கணக்கில் இவன் இல்லை என்று கைகழுவினாரா? இல்லை. ஜம்புலிங்கத்தின் பெயரில் நடந்தவற்றையும் அவர் செய்யாமலே அவர் தலையில் ஏற்றியவற்றையும் தேடி விசாரித்தார். தப்பிய பிறகும் துப்பாக்கியைப் பற்றிய வாக்கை அவர் காத்தார் என்று நம்பினார். 1927இல் அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஊழியக் கணக்கில் தோல்வி என்று எழுதவேண்டிய ஒரு மனிதரை அவர் கடைசிவரை தம் மகன்போல் பேசினார். தம்பிகளே, உங்களால் சந்திக்கப்படுகிற கைதி நாளை தவறினால் அவன் பெயரைச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? அதற்குத் தயார் என்றால் உள்ளே போங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இங்கே வந்திருக்கும் அண்டை வீட்டாருக்கு நான் நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1911இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. பிறப்பிலேயே குற்றவாளி என்று சில சமூகங்களைப் பட்டியலில் எழுதினார்கள். நம் சேலம் பக்கத்துக் குறவர் மக்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்காகக் குடியேற்றங்கள் அமைத்தபோது சிலவற்றை நடத்தும் பொறுப்பை இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் அரசு கொடுத்தது. இப்போதைய ஆந்திரத்தில் பாபட்லாப் பக்கம் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி வந்ததுதான். இந்தியாவில் சேனையின் தலைவராக இருந்த பூத் டக்கர், பெரிய அரசு உத்தியோகத்தை உதறிவிட்டு, காவி உடுத்து, வெறுங்காலோடு இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வந்தவர். அவருடைய அன்பைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளி நடத்தினார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குடியேற்றத்தில் ஆள் கணக்கெடுப்பு இருந்தது. வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பாடுகிறவர் கையிலேயே பதிவேடும் இருந்தது.

என் முடிவைச் சொல்கிறேன். கையில் சாவி வைத்திருப்பவர் கைதிக்குப் பிரசங்கம் செய்யக்கூடாது. செய்தால் அவன் சொல்லும் ஆமென் அவனுடையதா என்று அவனுக்கே தெரியாது. 1952 ஆகஸ்ட் 31ஆம் தேதிதான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. அந்தச் சமூகங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் காவல் நிலையத்தில் அந்தப் பழைய பார்வையைச் சந்திக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன? நம் கையில் சாவி இல்லையே என்பீர்கள். இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் ஒரு சாவி. பிஸ்கட் பொட்டலம் ஒரு சாவி. சூப்பிரண்டோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருகிறீர்களே, அது ஒரு சாவி. இவர்களிடம் நல்லவன் என்று பெயர் வாங்கினால் நமக்கு ஏதாவது வழி பிறக்குமோ என்று உள்ளே இருப்பவன் நினைப்பான். நினைக்கத்தான் செய்வான், நாமும் அங்கே இருந்தால் அப்படித்தான் நினைப்போம். ஆகையால் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்: எங்களால் உங்கள் தண்டனையைக் குறைக்க முடியாது, நாங்கள் சொல்வதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் இந்தச் சோப்பும் இந்தச் சட்டையும் உங்களுக்குத்தான். அதைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கலாம். கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கை எடுக்காதீர்கள். முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். வெளியே அவனுக்கு ஒரு மனைவி இருப்பாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். உங்கள் செல்போனில் இருக்கும் அவன் படம் அந்தப் பிள்ளையின் வகுப்பறை வரை போகும்.

அப்படியானால் என்னதான் செய்வது? பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் என்ன கேட்டார் என்று பாருங்கள். ஒரு ஊரில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொன்னார். புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடச் சொன்னார். உலகத்துக்கே போதித்தவர் கேட்டது ஒரு போர்வையும் படிக்கப் புத்தகமும் பார்க்க ஆளும். கைதிக்கு என்ன வேண்டும் என்று இதற்குமேல் யாரிடம் கேட்கப் போகிறோம்? அதே பவுல் சிறையில் சந்தித்த ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமானுக்கே கடிதம் எழுதினார். அடிமையாக அல்ல, சகோதரனாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். அவன் பட்ட கடன் இருந்தால் தன் பெயரில் எழுதச் சொன்னார். விடுதலையானவன் எங்கே போவான் என்பதுவரை அவர் யோசித்திருக்கிறார்.

மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரைச் சேர்ந்த ராணி மரியா என்ற கன்னியாஸ்திரி, இந்தூர்ப் பக்கத்து ஏழை மக்களைக் கந்துவட்டிப் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டார். 1995 பிப்ரவரி 25ஆம் தேதி பேருந்திலிருந்து இழுத்து அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். குத்தியவர் சமுந்தர் சிங். ஆயுள் தண்டனை. சிறையில் அவரைத் துறவி ஒருவர் போய்ப் பார்த்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. 2002இல் ரக்ஷா பந்தன் நாளில் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், சிறைக்குப் போய்ச் சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். பிறகு தாயார் போனார். மகளைக் குத்திய அந்தக் கைகளை எடுத்து முத்தமிட்டார். குடும்பமே மனுக் கொடுத்து, 2006இல் அவர் விடுதலையானார்.

ராக்கி கட்டுவது வட இந்திய இந்துக் குடும்பங்களின் வழக்கம். அந்தச் சகோதரி வேதாகமத்தைத் திறந்து வாசித்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த மனிதருக்குப் புரிகிற ஒரு நூலைக் கையில் கட்டினார். ஏழு ஆண்டு அதற்கு ஆயிற்று. நண்பர்களே, நம் பயணம் பத்து நாள்.

பத்து நாள் பயணம் வீண் என்று சொல்கிறேனா? இல்லை. போங்கள். ஆனால் உள்ளூர்ச் சபை அங்கே இருக்கும். மாதாமாதம் அந்தச் சிறைக்குப் போய்க்கொண்டிருக்கிற நான்கு பேர் இருப்பார்கள். அவர்கள் பின்னால் போங்கள், முன்னால் போகாதீர்கள். அவர்களே பேசட்டும், நீங்கள் கேளுங்கள். திரும்பி வந்தபின் கடிதம் எழுதுங்கள். அந்த நாட்டுச் சட்டம் மதம் பற்றிப் பேசுவதைத் தடுத்தால் அந்தச் சட்டத்தை மீறி உள்ளூர்க்காரரை மாட்டிவிட்டு விமானம் ஏறாதீர்கள். நீங்கள் எழுந்து போய்விடலாம். அவர்கள் எழுந்து போக முடியாது.

தங்கி இருப்பது என்றால் என்ன என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணமே வேண்டாம். இந்த வாசலுக்கு வெளியே போய் நின்றால் கொல்லிமலை தெரியும். ஜெஸ்ஸி பிராண்ட் துரையும் ஈவ்லின் அம்மாளும் 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு அந்த மலை ஏறினார்கள். 1929இல் துரை காய்ச்சலில் இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அம்மாள் மலையை விடவில்லை. 1974இல், 95 வயதில்தான் அவர் கதை முடிந்தது. சிறைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அந்த மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசியாக நம் வீட்டுக் காரியம். வெளிநாட்டுச் சிறைகளில் நம் இந்தியர்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று 2025இல் வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. மிகுதியானோர் சவூதியிலும் அமீரகத்திலும். ஏஜெண்டை நம்பிப் போனவர்கள், டிரைவர் வேலைக்குப் போய் விபத்தில் மாட்டியவர்கள், யாரோ கொடுத்த பொட்டலத்தை என்னவென்று தெரியாமல் கொண்டுபோனவர்கள் என்று எத்தனையோ வழக்குகளை நாளிதழில் படிக்கிறோம். நாமக்கல் என்றால் லாரி. லாரி என்றால் டிரைவர். நம் தெருவிலிருந்து அங்கே போனவர்கள் எத்தனை பேர்! அயல்நாட்டில் பிடிபட்டவருக்குத் தம் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை சர்வதேச ஒப்பந்தப்படி இருக்கிறது. எந்தெந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அங்கே தண்டனை பெற்றவர் மீதித் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதைப் பிடிபட்டவனின் தாய்க்கு யார் எடுத்துச் சொல்வது? மனுவை யார் எழுதிக் கொடுப்பது? தூதரகத்துக்கு யார் தபால் போடுவது? தம்பிகளே, போகிற நாட்டில் ஒரு தமிழ்க் கைதியைச் சந்தித்தால், ஜெபத்துக்கு முன்னால் அவன் ஊரையும் வீட்டு நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொள்ளாமல் விட்டது உங்களுக்கு நேரக்கூடாது.

நம் பக்கத்திலேயே, சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு மத்திய சிறை இருக்கிறது. 1862இல் கட்டியது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி அந்தச் சுவருக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் எழுந்து போக முடியாதவர்கள்தான். இன்றும் நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் தீர்ப்பே ஆகாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் கிடப்பவர்களும் அவர்களில் உண்டு.

உங்கள் பயணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சிறை அதிகாரிகளிடம் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, விமானம் ஏறுவதற்கு முன் அந்தப் பஸ்ஸில் ஏறுங்கள். போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.